அப்பாவைக் கொன்றால் இடம் கிடைக்கும்

கடலூரில் பேருந்து கிளம்பியதும், பின் இருக்கையில் இருந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் கொலைத் திட்டம் போடுகிறார்கள் என்றே நம்பிவிட்டேன்.

“அப்பாவக் கொன்னுடுடி. அதான் ஈஸி.”

“பாவம்டி. காலையில அவருதான் தோசை சுட்டுக் குடுத்தாரு.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானும் ஒரு ப்ளஸ் டூ பெண்ணைப் பெற்றவன். நடத்துநரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கொட்டாவிதான் வந்தது.

“சினிமா கேம்ப்புக்கு எல்லாருந்தான் வீடியோ அனுப்புவாங்க. ‘என் பேரு கயல், படம் எடுக்கப் புடிக்கும்’னு சொன்னா யாரு செலக்ட் பண்ணுவா? ஒரு சோகம் வேணும்டி.”

“எங்க வீட்ல அது இல்லியே. அப்பா குடிகாடு ஊர்ல கம்பெனி வேலைக்கிப் போறாரு, வராரு. படம் எடுக்கறேன்னா, இந்தா எடும்மான்னு போனக் குடுக்கறாரு.”

“அப்ப என்னா சொல்லுவ? இன்னிக்கிதான் கடைசி.”

போனில் வீடியோ தொடங்கும் ‘டிங்’ சத்தம் கேட்டது. பிறகு கயல் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“என் பேரு கயல். ப்ளஸ் டூ படிக்கறேன். எங்கப்பா நல்லா இருக்காரு. பஸ்ல வரவங்களப் படம் எடுக்கறது எனக்குப் புடிக்கும். இதோ, முன் சீட்டு அங்கிளப் பாருங்க. கடலூர்லேர்ந்து திரும்பவே இல்ல. ஆனா காது மட்டும் எங்க பக்கமே இருக்குது. எதுக்கோ பயந்துபோயிருக்காரு. எதுக்குன்னு தெரிஞ்சிக்கதான் நான் படம் எடுக்கணும்.”

“சூப்பர்டி! செத்துப்போன அப்பாவ விட இவரு நல்லா நடிக்கிறாரு.”

சிதம்பரம் வருவதற்குள் அதையே அனுப்பிவிட்டார்கள்.