அரை அரிசி அகலம்

நான் ஒரு முகத்தை வரைந்தால், அந்த முகத்தைப் பெற்றவளே அதை மறந்துபோவாள். நம்பமாட்டீர்கள், மணிமேகலை டீச்சர். அறுபத்துமூன்று வயதில் உங்கள் மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்த ஆத்மநாதன் விடும் ஆயிரத்தோராவது புளுகு என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். உருவப்படம் வரைந்து என்ன கற்றீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். கற்றதை எழுதுகிறேன்.

முதல் பாடம் நீங்கள் சொன்னதுதான். சாயல் கண்ணிலோ மூக்கிலோ இல்லை. அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. அடுத்தது, அக்ரிலிக் வர்ணம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததன்மேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் பூசலாம்.

சூசைராஜை உங்களுக்குத் தெரியும். நம் கண்காட்சிக்கு வந்தான். பஸ் டிப்போவில் நான் டைம் கீப்பர், அவன் கண்டக்டர். முப்பத்தெட்டு வருடச் சிநேகிதம். அன்று என் படத்தைச் சுற்றி நானூறு பேர் நின்றார்கள். நாற்பது என்பீர்கள், இருக்கட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு எட்டே நிமிடத்தில் வரைந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

“போட்டோவப் பெருசா பிரிண்ட் போட்டு அதுமேலதான் பூசுனான். பிரிண்ட வாங்கியாந்ததே நாந்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும்தான். அவன் சொன்னது உண்மை. அதில் எனக்குப் புகார் இல்லை. உண்மையைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிநேகிதன் எதற்கு?

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி ஆரோக்கியம்மாள் இறந்துபோனார். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்; எனக்கு எத்தனையோ முறை மீன்குழம்பு ஊற்றிய கை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேமராவைக் கண்டால் தங்கச்சி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும். மிஞ்சியவை இரண்டு படங்கள். ஒன்று ஆதார் அட்டையில். ஆதார் படத்தில் யாருக்குத் தன் சாயல் இருந்திருக்கிறது? இன்னொன்று வேளாங்கண்ணியில் எடுத்தது.

அதைக் கொடுத்துப் பெரிதாக வரைந்து தரச் சொன்னான். வரைந்தேன். அச்சு அசல். என் ஆயுசில் புளுகு கலக்காத ஒரே வேலை அதுதான். போட்டோ தண்ணீர்க் குவளையில் விழுந்து ஊறிப்போயிற்று என்றேன். அவன் படத்தைப் பிடித்தபடி அழுதான். “போனாப் போவுது. நீதான் அவளத் திருப்பிக் குடுத்துட்டியேடா.”

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன் வீடு இருக்கும் ஆவூருக்கு பஸ் ஏறினேன். வர்ணம் வெளுக்கிறது, டச்சப் பண்ணவேண்டும் என்பேன். அவனே ஆணியிலிருந்து இறக்கித் தருவான், பிரஷ் கழுவத் தண்ணீர் வைப்பான், டீ போடப் போவான். டீ கொதித்து வருவதற்குள் அக்ரிலிக் காய்ந்திருக்கும். ஒரு வாரம் இடது கண்ணை அரை அரிசி அகலம் தள்ளினேன். மறுவாரம் உதட்டை அரை அரிசி இறக்கினேன். பிறகு தாடை, நெற்றி. ஒரே நாளில் செய்திருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். அவன் மெழுகுவர்த்தி ஏற்றி அந்தப் படத்தின் முன்னால் ஜெபம் சொன்னான். முப்பது ஞாயிறு.

போன வாரம் நானே சொல்லிவிட்டேன், அது ஆரோக்கியம்மாள் முகம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட்டேன் என்று. அவன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான்.

“ஏ ஆத்மா, ஒன் புளுகையெல்லாம் அந்த டீச்சரம்மாட்ட வச்சுக்க. முப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துன மொகம். எனக்குத் தெரியாதா?”

பையிலிருந்து வேளாங்கண்ணி போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். ஊறவில்லை, ஓரம்கூட மடங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தான்.

“யாருடா இது? ஒங்க வீட்டுச் சனமா?”

திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் அவனுடைய கையெழுத்து: ‘என் ஆரோக்கியம், வேளாங்கண்ணி, 2011’. அதைப் படித்தான். மறுபடி முன்பக்கம் பார்த்தான். சுவரில் இருந்ததைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே அவள் முகத்தைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவசரப்படுத்தவில்லை.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, டீச்சர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் என்னை நம்பவேண்டும். அவ்வளவுதான்.

கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

“நீ சொன்னது நெசந்தான்டா ஆத்மா.”