ஜெயசுதாவைப் பற்றிய நான்காவது கட்டுரை

வீரபாண்டியில் காலையில் கம்பெனி வேன்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு பக்கம்கூட எழுத ஓடாது சார். அதனால் நான் விடிவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவேன். ஜெயசுதாவின் வீடியோக்களைப் பற்றி வெளிவந்த என் மூன்று கட்டுரைகளும் அப்படி எழுதியவைதான்.

அவருடைய படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாயப்பட்டறை ஆட்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டறைக்குள் நடப்பதைச் சொல்வார்கள். வேறொன்றும் இருக்காது. சென்னையிலும் கொச்சியிலும் கண்காட்சிகளில் ஓடின. அவற்றின் அரசியலை முதல் இரண்டு கட்டுரைகளில் விளக்கிச் சொன்னவன் நான். மூன்றாவதில் ஒரு குறையைச் சொன்னேன். யாருக்கும் எதுவும் ஆகாத படம் பார்ப்பவரையும் ஒன்றும் செய்யாது என்று.

அதைப் படித்துவிட்டு ஜெயசுதா போன் செய்தார். "ஏனுங்க தண்டாயுதபாணி, அவங்களுக்கு ஏதாச்சும் ஆனாத்தான் உங்களுக்கு அது படமாத் தெரியுமாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுவேன். காரணமில்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் போய்த் திரும்புவேன். பெரிய கலைஞராக வரவேண்டியவர் பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதில்லை.

இசக்கிமுத்துவை அவரிடம் கூட்டிப்போனதும் நான்தான். என் அக்கா வீட்டுக்காரர் பெருமாள்சாமியின் பட்டறையில் சாய மெஷின் ஓட்டினவன். தூத்துக்குடிப் பக்கம்.

"அண்ணாச்சி, எம் மூஞ்சி தெரியாதுல்லா? பிள்ளைய இப்பத்தான் ஸ்கூல்ல சேத்திருக்கேன்" என்று கேட்டான்.

தெரியாது என்றேன். படத்தில் தெரியவும் இல்லை.

அந்த முதுகு யாருடையது என்று பெருமாள்சாமி மாமாவிடம் நான் சொன்னேன். அவருக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பியிருப்பார். நான்தான் தடுத்தேன்.

"அனுப்புனா வெளிய போய் இன்னும் பேசுவானுங்க மாமா. கழிவுத் தொட்டியைக் கழுவச் சொல்லுங்க. தானா ஓடிருவான்."

"போன வருசம் அதுல ஒருத்தன் மயங்கி உழுந்தானே மாப்ளே?"

"அது மழைக்காலமுங்க. இப்ப ஒண்ணும் ஆவாது."

மூடிக் கிடக்கிற தொட்டியில் விஷவாயு எந்தக் காலத்திலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். என் இரண்டாவது கட்டுரையிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

சாவு நடக்கும் முன்பே ஜெயசுதாவைக் கேமராவோடு எப்படி வரச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். வேறு எப்போது சொல்வது? பட்டறைக்குப் பின்னால் வேலியோரம் நின்றால் தொட்டி நன்றாகத் தெரியும். அவரை அங்கே நிறுத்தினேன். காலை வெயில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். பாதியிலேயே ஏணியைப் பிடித்திருந்த கை விட்டு உள்ளே விழுந்தான்.

ஜெயசுதா கேமராவைப் புல்லில் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். கயிறு, கயிறு என்று கத்தினார். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கப் போனவரை ஆட்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவனை வெளியே தூக்கும்போது உயிர் இல்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கேமரா என் காலடியில்தான் கிடந்தது. லென்ஸ் மூடியைக்கூட அவர் திறந்திருக்கவில்லை.

வருத்தத்தோடுதான் நான்காவது கட்டுரையை எழுதி முடித்தேன். இசக்கிமுத்து செத்துப்போகட்டும் என்றுதான் அவனை இறங்க வைத்தேன், அதை மறுக்கவில்லை. வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உயிர் வீணாய்ப் போனதற்கு ஜெயசுதாதான் பொறுப்பு சார்.