மேட் போட்ட மேடை

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை இதே வழக்கில் நான் முதலில் கொடுத்த வாக்குமூலத்தின் தலைப்பில் உள்ளவையே. அவற்றில் மாற்றம் இல்லை. வயது இருபத்தேழு. பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுப் பொறியாளர். திருமணம் ஆகவில்லை. யாரும் அழைக்காமல் நானாகக் காலை பதினொரு மணிக்கு நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் அம்மா எழுத, நான் சொல்வதாவது:

என் முதல் வாக்குமூலத்தில் பொய் கிடையாது. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை நான் சொல்லாததால் ஒருவர் பதினேழு நாளாகச் சிறையில் இருக்கிறார். அதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பழங்காலப் போர்களை நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். நாங்கள் இருபத்திரண்டு பேர். எல்லோரும் வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு காலையில் மரத்தரை போட்ட ஒரு பூப்பந்து அரங்கில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு மழுங்கிய வாளால் பயிற்சி செய்வோம். ஆண்டுக்கு மூன்று முறை மக்கள் முன் நிகழ்த்துவோம். தலைவர் பள்ளியில் வரலாறு நடத்துபவர். அவரை வாத்தியார் என்போம். கவசங்களை அடித்துத் தருபவர் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர். குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் அவர்தான். பாதிக்கப்பட்டவர் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிறு என்னை அரங்கில் இறக்கிவிட வந்த அத்தான், அடுத்த ஞாயிறு தலைக்கவசத்துக்கு அளவு கொடுத்தார்.

அத்தானுக்கு வாள் வராது. சாவது நன்றாக வரும். வெட்டு வாங்கினால் மற்றவர்கள் மூட்டை மாதிரி விழுவார்கள். அத்தான் முழங்காலிட்டு, எழுந்து, மறுபடி விழுந்து, தரையைப் பிறாண்டி, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டுதான் சாவார். கைதட்டல் முழுவதும் அவருக்குப் போகும். தவணை முறையில் சாவதால் குழுவில் அவர் பெயர் தவணை. எதற்கெடுத்தாலும் கையேட்டைத் தூக்கிக்கொண்டு விதி பேசுவதால் என் பெயர் மேனுவல்.

சென்ற ஆண்டு நிகழ்ச்சியில் முன் வரிசையில் இருந்த ஒருவர், "என்னப்பா, கரண்டிய தட்டி விளையாடுறாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வாத்தியார் அதை மறக்கவில்லை. இரும்பு போர்த்திய ஆளை வாளால் வெட்ட முடியாது, அந்தக் காலத்தில் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி அமுக்கித்தான் அடக்கினார்கள், நாமும் மல்பிடி சேர்க்க வேண்டும் என்றார். ஒருவரின் கழுத்து திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். ஆறு வாரம் கொடுங்கள், யாருக்கும் அடிபடாமல் செய்து காட்டுகிறேன் என்று நான் சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு நான் பதினோரு விதிகள் எழுதினேன். கழுத்தைத் தொடக்கூடாது, கைகால் மூட்டுகளை முறுக்கக்கூடாது, வாளைக் கீழே போட்ட பிறகே பிடிக்க வேண்டும், இடுப்புக்கு மேல் தூக்கி எறியக்கூடாது, கீழே விழுந்தவரின் மார்பின் குறுக்கே மட்டும் படுத்து அமுக்கலாம் என்பவை அவற்றில் சில. ஏழாவது விதி, கீழே இருப்பவர் வலித்தாலோ மூச்சு முட்டினாலோ எப்படிச் சொல்வது என்பது. முதலில் முனகினாலும், கை ஆட்டினாலும், எதிராளியைத் தட்டினாலும் விட்டுவிட வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அத்தான் கீழே இருக்கும்போதெல்லாம் அது வேலைக்கு ஆகவில்லை. அவர் நடிப்புக்கு முனகுவார், பிடித்தவர் பதறி விடுவார், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். நான்காவது தடவை வெல்டர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "தவணை மொனகுறப்பல்லாம் விடணும்னா நாம வீட்டுக்கே போயிடலாம் மேனுவல்" என்றார்.

அதனால் ஏழாவது விதியை மாற்றினேன். கவசத்துக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருப்பதால் தொடுவது உறைக்காது. தலைக்கவசக் கண்துளை வழியாக முகத்துக்கு நேரே இருப்பது மட்டும் தெரியும். இரும்புக் கையுறையால் பலகையைத் தட்டினால் கட்டாயம் கேட்கும். மூன்று முறை தட்ட வேண்டும், கேட்டதும் பிடித்தவர் விட வேண்டும், மேடை ஓரம் நிற்கும் நான் விசில் ஊத வேண்டும். அரங்கின் மரத்தரையிலும், நிகழ்ச்சிக்குப் போடும் பலகை மேடையிலும், முரசு அடிக்கச் சொல்லிச் சோதித்தேன். பத்துக்குப் பத்து கேட்டது. விதியின் கீழே சிவப்பு மையில் "ஓசை மட்டுமே கணக்கு, பார்வைக்குத் தெரிவது நடிப்பு" என்று எழுதினேன். அந்தத் தாள் காவல்துறை வசம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

அதன் பிறகு, நிகழ்ச்சிக்குப் பதினான்கு நாள் முன்பு, பயிற்சியில் ஒருவர் பக்கவாட்டில் விழுந்து தோள் எலும்பு விரிசல் கண்டது. எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாளே கராத்தே வகுப்பு ஒன்றில் பேசி, நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள ரப்பர் மேட்டுகள் வாங்கிவந்து, மேடை முழுக்க விரித்து, மேலே மண் நிறத் துணியை இழுத்துக் கட்டச் சொன்னேன். தலைக்கவசத்தில் மணல் நிரப்பிப் போட்டுப் பார்த்து, அதிர்ச்சி பாதிக்கும் கீழே குறைந்ததைத் தாளில் குறித்து எல்லோருக்கும் அனுப்பினேன். நல்ல பெயர் கிடைத்தது.

மேட்டின் மேல் கையுறையால் தட்டிப் பார்க்கவில்லை.

உதவி ஆய்வாளர் அம்மா ஏன் என்று கேட்டார். தோன்றவில்லை என்பதே பதில். எங்கள் தொழிற்சாலையில் கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினால்கூட எல்லாச் சோதனையையும் முதலில் இருந்து செய்யாமல் பம்பு கேட்டைத் தாண்டாது. அப்படிச் செய்யாத ஒருவருக்கு இரண்டு மாதம் முன்பு மெமோ கொடுத்தவன் நான். மேட் போட்ட பிறகு ஒரே ஒரு பயிற்சிதான் நடந்தது. விழுந்தவர்களுக்கு மெத்தென்று இருந்ததால் அன்று யாருக்கும் தட்டத் தேவை வரவில்லை.

அந்தப் பயிற்சியின் இடைவேளையில் வெல்டர் அத்தானை மிரட்டியதாக ஒரு சாட்சி சொல்லியிருப்பதாக அறிகிறேன். நான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நடந்த பேச்சு இதுதான்.

வெல்டர்: "தவணை, இந்தத் தடவையாவது சீக்கிரம் செத்துத் தொலை. உன்ன அமுக்கிட்டுக் கெடந்தே எனக்குக் கால் மரத்துப்போகுது."

அத்தான்: "நான் நல்லா செத்தாத்தானப்பா நீ வீரன்? பொறுமையா அமுக்கு."

வெல்டர்: "பொறுமையா அமுக்குனா நீ எந்திரிக்கவே மாட்ட, பாத்துக்கோ."

அத்தான்: "எந்திரிக்கலைன்னா கடைய மச்சான் பாத்துப்பான். ஆனா அவன் பவர் செக் பண்ணாம எவனுக்கும் கண்ணாடி குடுக்க மாட்டான்."

மச்சான் என்றது என்னை. எல்லோரும் சிரித்தோம். அத்தான்தான் அதிகம் சிரித்தார், டீ சட்டையில் சிந்தியது. வெல்டர் தன் துண்டைக் கொடுத்தார். சாட்சி துண்டைப் பற்றிச் சொன்னாரா என்று தெரியவில்லை.

சம்பவ நாள் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. அறுநூறு பேர் இருந்திருப்பார்கள். கடைசிக் காட்சியில் வெல்டரும் அத்தானும் வாளைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தார்கள். வெல்டர் விதிப்படி இடுப்பைப் பிடித்துச் சாய்த்தார், விதிப்படி மார்பின் குறுக்கே படுத்தார். அவர் முகம் அத்தானின் இடது பக்கம் பார்த்து இருந்தது. கவசத்தோடு அவர் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. நான் வலது பக்கம், நான்கு அடி தூரத்தில், விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். நாற்பது எண்ணி ஊத வேண்டும் என்பது திட்டம். முரசு அடித்துக்கொண்டிருந்தது.

எட்டோ ஒன்பதோ எண்ணும்போது அத்தானின் வலது கை மேட்டை மூன்று முறை தட்டியது. நான் பார்த்தேன். மனதுக்குள் மூன்று என்று எண்ணினேன். ஓசை வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று முறை தட்டினார். ஓசை வரவில்லை. நிஜம் என்றால் ஓசை வந்திருக்கும், வராததால் நடிப்பு என்று முடிவு செய்தேன். என் விதி அதைத்தான் சொன்னது. மூன்றாவது தடவை இரண்டு தட்டுத்தான். அதன் பிறகு விரல்கள் விரிந்தன. கூட்டம் கைதட்டியது. இன்றைக்கு அத்தான் அசத்துகிறார் என்று நான் நினைத்தேன். நாற்பது வரை எண்ணி ஊதினேன்.

விசில் கேட்டதும் வெல்டர் எழுந்துவிட்டார். ஜெயித்தவர் தோற்றவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது எங்கள் வழக்கம். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதை யாரும் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் பார்த்தோம், கழுத்துக் காப்பு மேலே ஏறி அதன் விளிம்பு தொண்டையில் இறங்கியிருந்தது. கொக்கி வளைந்துவிட்டதால் பட்டை கழலவில்லை. வெல்டர் மேடையில் இருந்து குதித்து ஓடி, தன் பெட்டியில் இருந்து கட்டரைக் கொண்டுவந்து பட்டையை வெட்டி, வாயில் வாய் வைத்து ஊதினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாத்தியார் வந்து என் வாயில் இருந்த விசிலை எடுத்தார்.

குரல்வளை உடைந்து மூளைக்குக் காற்று போகவில்லை என்று மருத்துவர் சொன்னார். அத்தான் கண் திறந்திருக்கிறார். யாரையும் தெரியவில்லை. இனித் தெரியும் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை.

அன்று மாலையே மருத்துவமனை நடைபாதையில் என்னிடம் விசாரித்தார்கள். தட்டினாரா என்றார்கள். தட்டினார் என்றேன். தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்றார்கள். விட வேண்டும் என்றேன். விட்டாரா என்றார்கள். விடவில்லை என்றேன். ஓசை கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்தடி தள்ளி வெல்டர், "சத்தியமா எனக்குக் கேக்கல சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் கேட்கவில்லை என்று அப்போது நான் சொல்லியிருந்தால் அவரை ஜீப்பில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

சென்ற ஞாயிறு வாத்தியாரை அழைத்துக்கொண்டு அரங்குக்குப் போனேன். வெல்டர் அடித்த தலைக்கவசம் ஒன்றை நான் மாட்டிக்கொண்டு தரையில் படுத்தேன். போனில் முரசு ஒலி போட்டுவிட்டு, இரும்புக் கையுறையால் மரத்தரையில் பத்து முறையும் மேட்டில் பத்து முறையும் தட்டச் சொன்னேன். மரத்தில் பத்தும் கேட்டது. மேட்டில் ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியார் தட்டி முடித்து வெகுநேரம் ஆன பிறகும், இன்னும் தட்டவில்லை என்று நினைத்து நான் படுத்தே கிடந்தேன். அந்தச் சோதனைத் தாளை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அக்காதான் காரணம் என்று சொல்கிறேன். கைது செய்த மறுநாள் அக்கா என்னிடம், "அவன் வெளிய வந்தான்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்டா. நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். அவருக்குக் கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான் இல்லை என்பதில் எனக்கும் நிம்மதி இருந்தது. பதினேழு நாளும் அவர் வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டு, மருத்துவமனையில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு அக்காவிடம் சொல்லிவிட்டேன். மேட், விதி, சிவப்பு மை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அத்தானுக்குக் குழாயில் ஊற்றும் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. வடிகட்டி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் தட்டுனத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அக்கா என் சட்டைப் பையில் இருந்த பார்வையாளர் பாஸை எடுத்து, வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்து, "இவரு இனிமே வர மாட்டாரு" என்றார். அக்கா என்னை இவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

வெல்டர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் காதுக்கு எட்டாத ஒன்றைக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தவன் நான் மட்டும்தான். இதைச் சொல்வதால் அத்தானுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். வெல்டர் வாடகைக்கு எடுத்திருந்த பட்டறை இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதையும் என்னால் திருப்பித்தர முடியாது.

எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. மூன்றாம் பக்கத்தில், தட்டியதை "அப்போது சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். அடித்துவிட்டு, "பார்த்தேன், எண்ணினேன்" என்று எழுதச் சொன்னேன். திருத்திய இடத்தின் ஓரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யார் தூண்டுதலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது. திருத்தம் ஒன்று, சொன்னவர் கேட்டுக்கொண்டபடி.

(ஒப்பம்) உதவி ஆய்வாளர்