ஒரு தடவைகூட நிற்காத அமைப்பு

ஐம்பத்தோரு வயதில் பரீட்சைக்குப் படிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி, மேடம். காலையில் படித்தது மத்தியானத்துக்குள் ஒழுகிவிடும். அதனால் வீடு முழுக்கத் துண்டுச்சீட்டு ஒட்டிவைத்திருந்தேன்.

"சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் வட்டமும் அம்புக்குறியும்தானா? விட்டா என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவீங்க," என்பாள் மனைவி. மகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே என்னைக் கேள்வி கேட்பாள். தடுமாறினால், "போன வாரம் கரெக்டா சொன்னீங்களேப்பா" என்பாள்.

என்ன பரீட்சை என்று கேட்டீர்கள். மென்பொருள் கட்டமைப்பாளர் சான்றிதழ். வீடு கட்டுவதற்கு முன்னால் எந்தச் சுவர் பாரம் தாங்கும், எது விழுந்தால் எது தாங்கிப்பிடிக்கும் என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டுமல்லவா, மென்பொருளில் அந்த வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஓடுகிற அமைப்பு என் கைவேலை. யாராவது போன் செய்தால் முகவரியைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் வண்டியைக் கண்டுபிடித்து அனுப்பும். பத்தொன்பது வருடத்தில் அது ஒரு தடவைகூட நின்றதில்லை.

அதுவே எனக்கு வினையாகிவிட்டது.

மேலாளர் என்னைவிடப் பதினாறு வயது இளையவர். நல்ல மனுஷர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வருஷக் கடைசிக்குள்ள சர்டிபிகேட் வந்தாகணும். இல்லன்னா புது ஒப்பந்தத்துல உங்க பேரைப் போட முடியாது. பேர் இல்லன்னா..." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

தேர்வில் இரண்டு பகுதி. கேள்வித்தாள் ஒன்று. அதில் இரண்டு முறையும் தேறினேன். மற்றது, நாம் சந்தித்த ஒரு பெரிய கோளாறை எழுதி, எந்த முடிவை எதற்காக எடுத்தோம் என்று தேர்வாளர்கள் முன்னால் பேசுவது. எனக்கு எழுத ஒன்றுமில்லை. 'நெருக்கடியைக் கையாண்டதற்கு ஆதாரம் போதவில்லை' என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். தீப்பிடிக்காத வீடு கட்டியவனிடம் நீ எந்தத் தீயை அணைத்தாய் என்று கேட்கிறார்கள். மூன்றாவது முறைதான் கடைசி. அதற்கு இரண்டு பகுதியையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

என்னோடு சேர்ந்து படித்த பெண்ணை அலுவலகத்தில் எல்லோரும் சிட்டு என்பார்கள். மதிய இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து படிப்போம். ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எதையாவது கட்டி விடுங்கண்ணா. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. நான் எழுதினதுல முக்கால்வாசி கதைதான்."

"மாட்டிக்கிட்டா?"

"யாருண்ணா போய்ப் பாக்கப் போறா?"

இரண்டு நாள் முயன்றேன். நடக்காததை நடந்ததாக எழுத எனக்குக் கை ஓடவில்லை. பள்ளி விடுப்புக் கடிதத்தில்கூட இல்லாத காய்ச்சலை எழுதியவன் இல்லை நான். ஆகவே, நடக்கவைத்தேன்.

பதினான்கு வாரத்து அழைப்புகளை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அழைப்பு மிகக் குறைவு. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அளவுக்கு அக்கறை இருந்தது. முதல் கணினி நின்றால் அரை நிமிடத்தில் இரண்டாவது எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். அரை நிமிடக் கோளாறை யாரும் கோளாறாக மதிக்கமாட்டார்கள். அதனால் இரண்டாவதை முடக்கிவிட்டுத்தான் முதலாவதை நிறுத்தினேன். என் சொந்தக் கடவுச்சொல்லால். வேறு யார் தலையிலும் பழி விழக்கூடாது.

திரைகள் இருண்டன. அழைப்பு எடுப்பவர்கள் காகிதத்தையும் பேனாவையும் தேடினார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலாளர் படியேறி ஓடிவந்தார். "அண்ணா, எந்தக் கம்ப்யூட்டரும் எழுந்திருக்கலண்ணா. என்ன பண்றது?" என்றாள் சிட்டு. பதறாதே என்றேன். பதினோராவது நிமிடம் எல்லாத் திரையும் ஒளிர்ந்தது. யாரோ கைதட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் எனக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். 'இரண்டாவது கணினி பொறுப்பை எடுத்துக்கொள்ளவில்லை' என்று எழுதினேன். அது உண்மை.

அன்று ஒரு தையல்காரப் பெண்ணின் கணவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. அவள் மூன்று முறை அழைத்திருக்கிறாள். வண்டி இரண்டு தெரு தள்ளித்தான் நின்றிருந்தது. மேலாளரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். தையல் எந்திரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு சட்டைக் கை பாதியில் நின்றிருந்தது. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டாள்.

"இவர்தாம்மா அன்னிக்கு அதைச் சரி பண்ணினவர்," என்றார் மேலாளர்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா இன்னும் எத்தனை வீட்ல இப்படி ஆயிருக்குமோ, சார்."

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். திரும்பி வரும்போது காரில் ஒரு வரி குறித்துக்கொண்டேன்: பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்தது. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

தேர்வாளர்கள் மூன்று பேர். நான் பேசி முடித்தபோது ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேறிவிட்டேன். வீட்டில் மனைவி அழுதாள், மகள் குதித்தாள். சிட்டு தேறவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டதும் அவள் கதை குளறிவிட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனால் பொய்க்கு எத்தனை நாள் ஆயுசு?

அடுத்த முறைக்கு என் கோளாறை வைத்துப் படிக்கலாம் என்று அவள் அன்றைய கணினிப் பதிவுகளைத் திறந்திருக்கிறாள். கோளாறுக்கு ஆறு நிமிடம் முன்னால் இரண்டாவது கணினியை முடக்கியது யார் என்று அதில் இருந்தது. நான் அதை அழிக்கவில்லை. அழித்தால் அது மோசடி. அவள் நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபமில்லை. நல்ல பெண்.

உயிர் போகிறது என்று எப்போது தெரியும் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஆறாவது நிமிடம். அழைப்பு எடுக்கிற பெண் ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்து, "மூச்சு நின்னு நின்னு வருதாம், யாராவது வண்டி அனுப்புங்களேன்" என்று முகவரியைச் சத்தமாக வாசித்தாள். என் விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது. ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் மேலாளரும் சிட்டுவும் அவர்களுக்குத் தெரிந்த வழிகளை இன்னும் முயன்று முடிக்கவில்லை. அவர்கள் கைவிட்ட பிறகு நான் செய்தால்தான் அது நெருக்கடியில் எடுத்த முடிவு. முன்னாலேயே செய்தால் வெறும் பழுது பார்த்தல், அதற்கு மதிப்பெண் கிடையாது. ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அழைப்பு எடுத்த பெண் அந்த முகவரியை இன்னும் இரண்டு முறை வாசித்தாள்.

பதினோராவது நிமிடம் அதைச் சரிசெய்ததும் நான்தான், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.