இடியும் வீடு

இன்ஸ்பெக்டர் ஐயா, இந்த எழுபத்திரண்டாம் வருடம் சித்திரை தொடங்கி நான்கு மாதம் நான் தினமும் இரண்டு வேளை குளித்தேன். அதற்கு முன்னால் ஒரு வேளைக்கே என் மனைவி தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

நான் துளசிராமன். கும்மிடிப்பூண்டியில் முப்பது வருடம் தமிழ் வாத்தியார். என் வீட்டை ஒட்டி எனக்குச் சொந்தமான மண்சுவர் வீடு ஒன்று. அதில் மோசஸும் மனைவி மேரியும் குடியிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஜனங்கள், அதுதான் தொல்லை. பேக்டரிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வீட்டை இடித்து நான்கு அறை லைன் வீடாகக் கட்ட எனக்கு ஆசை.

வாடகைச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், இனி குடியிருப்பவரை அசைக்கவே முடியாது என்று பேச்சு. "இடியும் வீடா இருந்தா மட்டும் காலி பண்ணலாமாம் சார்" என்றான் டீக்கடை கலியன். நானும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சட்டம் படித்து முடித்துவிட்டேன்.

வீடோ கல்லாக நின்றது. ஆகவே சின்னப் பள்ளம் வெட்டி, மேலே பலகை போட்டு, என் குளியல் தண்ணீரை அந்த மண்சுவரின் அடிக்குத் திருப்பிவிட்டேன்.

ஆனியில் மேரி வந்தாள். "செவுத்துல ஓதம் ஏறிக்கினே கீது சார். நானும் சாணி பூசிக்கினே கீறேன், நிக்கல. உங்க பக்கம் சாய்ஞ்சிடப் போவுது, அந்தாண்ட படுக்காதீங்க."

"பழைய வீடும்மா" என்றேன். அன்று மாலை இரண்டு குடம் அதிகமாக ஊற்றிக்கொண்டேன்.

எச்சரிக்காமல் இல்லை. வீடு இடியும் நிலையில் இருக்கிறது என்று மூன்று நோட்டீஸ் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஒற்றுப் பிழைகூட இருக்காது. மோசஸ் சிரித்தான். "இன்னா சார் நீங்க, முட்டு குடுத்துக்கினேன், கெட்டியா கீது."

ஒரு புதன்கிழமை பகலில் சுவர் விழுந்தது. மோசஸ் ஷிப்டில் இருந்தான். மேரி உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் வக்கீல் அருணாச்சலத்தைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இடியும் வீடு இல்ல வாத்தியாரே, இடிக்கும் வீடு. இடிச்சுக் கட்டப் போறேன்னு ஒரு மனு போட்டிருக்கலாமே."

தன்வினையையும் பிறவினையையும் குழப்பிய பையன்களை விரல் கணுவில் அடித்தவன் நான். மிகவும் வெட்கமாகப் போய்விட்டது.

உங்கள் ஏட்டு 'மழையில் சுவர் இடிந்தது' என்று எழுதியிருக்கிறார். பிழை. 'இடித்தேன்' என்று திருத்துங்கள். அடுத்த வரி, 'மேரி இறந்தாள்', சரியாகவே இருக்கிறது. அது தன்வினைதான், அதில் கை வைக்காதீர்கள்.