புதன்கிழமைக்கு ஒரு டிக்

— நீச்சல் வகுப்புன்னா பின்னாடி போய் நில்லுங்கம்மா. முன்னாடியே பத்துப் பேரு நிக்கறாங்க.

— நான் நீச்சலுக்கு வரல. இந்த நகராட்சிக் கோடைச் செய்தி, இது இங்க போடறதுதானே?

— இங்கதான். திங்கக்கிழமையே வீடு வீடா போட்டாச்சே, உங்களுக்கு வரலையா? இந்தாங்க, ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கங்க. கட்டுக் கட்டா கிடக்கு.

— வந்துச்சு. எங்க அப்பா வீட்டுக் கதவிடுக்குல சொருகியிருந்துச்சு. முதல் பக்கத்துல போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கறது நீங்கதானே?

— அட, கண்டுபிடிச்சுட்டீங்களே. படத்துல கொஞ்சம் குண்டா விழுந்துட்டேன். வேணாம் வேணாம்னேன், தலைவர்தான் விடல.

— கீழ எழுதியிருக்கறதைப் படிக்கறேன். ‘தனியாக வாழும் முதியவர்களுக்குத் தினமும் ஒரு அழைப்பு. வெயில் கொளுத்திய வாரத்திலும் அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட விடுபடவில்லை.’

— பாருங்கம்மா, அது சும்மா பேச்சுக்குப் போட்டது இல்ல. தையல், ஓவியம், நீச்சல், எல்லாத்துக்கும் ஃபாரம் குடுக்கறது நான் ஒருத்திதான். அதுக்கு நடுவுல அறுபத்திரண்டு போன். சாயங்காலம் காது சுட்டுப் போயிடும்.

— அந்த அறுபத்திரண்டுல ஒருத்தர் எங்க அப்பா. மணிக்கூண்டுக்குப் பின்னாடி மாடி வீடு. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

— டிரைவர் சார் பொண்ணா நீங்க? உக்காருங்கம்மா. அந்த ஸ்டூல்ல இருக்கற ஃபாரத்தையெல்லாம் கீழ தள்ளுங்க, பரவால்ல. எனக்கு வெள்ளிக்கிழமைதாம்மா விஷயமே தெரியும். அன்னிக்குச் சோறு இறங்கல. வியாழக்கிழமையே பத்திரிகை அச்சுக்குப் போயிடுச்சு, இல்லன்னா அந்த வரியை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

— அவர் போனது புதன்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம்தான் கீழ் வீட்டுக்காரர் கதவை உடைச்சுப் பாத்திருக்காரு. புதன்கிழமை நீங்க அவர்கிட்ட பேசினீங்களா?

— பேசினேனேம்மா. இதோ நோட்டு. பாருங்க, டிக் இருக்கு.

— என்ன சொன்னாரு?

— என்ன சொல்லுவாரு, வழக்கம்போலதான். சாப்பிட்டேன்னாரு. தண்ணி நிறைய குடிங்க சார்னேன், குடிக்கறேன்னாரு.

— குரல் எப்படி இருந்துச்சு?

— கணீர்னு இருந்துச்சும்மா. ஒரு குறையும் இல்ல.

— இன்னும் சொல்லுங்க.

— ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டியிருக்கேன், வெயில் எட்டிக்கூடப் பாக்காதுன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. உங்களைப் பத்திக்கூடப் பேசினாரு.

— என்னைப் பத்தியா?

— பொண்ணு தங்கமா பாத்துக்கறான்னாரு.

— மேடம், நடுவுல பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க, ஒரே ஒரு சந்தேகம். எங்க பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடிய இன்னும் பன்னெண்டு நாள்தான் பாக்கி. நீச்சல்ல சேத்துக்குவீங்களா?

— அஞ்சு முடிஞ்சிருக்கணும்மா.

— ஆளைப் பாத்தா ஏழுன்னு சொல்லுவாங்க மேடம். வேணும்னா கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்.

— நிறுத்தி என்ன பண்ண? ஃபாரத்துல உயரத்துக்குக் கட்டம் இல்லம்மா, வயசுக்குத்தான் இருக்கு. கொஞ்சம் வெளிய நில்லுங்க, நானே கூப்பிடறேன். மன்னிச்சுக்கங்கம்மா, இப்படித்தான் நாள் பூரா.

— அவர் போன் எங்கிட்ட இருக்கு.

— யாரு போனு?

— எங்க அப்பாவோடது. புதன்கிழமை உங்க நம்பர்லருந்து ஒரு காலும் வரல. உங்க நம்பருக்குப் போகவும் இல்ல. வேணும்னா நீங்களே பாருங்க.

— கதவைச் சாத்திக்கட்டுமாம்மா?

— சாத்துங்க.

— தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மனசு ஆறட்டுமேன்னுதான் சொன்னேன்.

— பொய்னு எனக்கு அப்பவே தெரியும். என்னைப் பத்தி வெளியாளுகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்ற ஆளு இல்ல எங்கப்பா.

— தெரிஞ்சும் ஏம்மா, இன்னும் சொல்லுங்கன்னீங்க?

— கேக்கணும்போல இருந்துச்சு. இப்ப நடந்ததைச் சொல்லுங்க.

— நடந்தது இதுதாம்மா. உங்க அப்பாவுக்கு நாங்க போன் பண்றதே புடிக்காது. ‘உயிரோட இருக்கேனா செத்துட்டேனான்னு தினம் விசாரிக்க ஒரு ஆபீஸா?’ன்னு முதல் நாளே வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. பட்டியல்லருந்து பேரை எடுங்கறாரு. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி சொன்னேன். நீங்க பேசவே வேணாம் சார், காலையில பதினோரு மணிக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, நான் டிக் போட்டுக்கறேன்னு. அதுக்கு ஒத்துக்கிட்டாரு. ‘ஒரு ஹாரன் அடிச்சாப் போதும்ங்கறே’ன்னாரு. அதை நெசமாவே சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு, சத்தியமா.

— அது அவர் பேச்சுதான். புதன்கிழமை ஹாரன் அடிக்கலையே. அதுக்கு என்ன பண்ணீங்க?

— அடிக்கலன்னா மூணு தடவை நான் கூப்பிடணும். எடுக்கலன்னா வார்டு ஆளை வீட்டுக்கு அனுப்பணும். அதுதான் சட்டம்.

— அனுப்பலையே.

— அதுக்கு முந்தின வாரம் ஒரு நாள் மறந்துட்டாரும்மா. ஆளை அனுப்பினேன். முகச்சவரம் பண்ணிக்கிட்டிருந்தவர், பாதி நுரையோட வந்து கதவைத் திறந்து அந்த ஆளைத் தெருமுனை வரைக்கும் திட்டிக்கிட்டே வந்திருக்காரு. அப்புறம் எனக்குப் போன். இன்னொரு தடவை ஆள் வந்தா பேரை எடுத்துடுவேன்னாரு. புதன்கிழமைதான் நீச்சலுக்குப் பேர் எழுத ஆரம்பிச்சோம். கூட்டம் படியெல்லாம் நிக்குது. மணி பதினொண்ணரை ஆச்சு, டிரைவர் சார் அடிக்கல. சரி, மறந்திருப்பாரு, எதுக்கு மறுபடியும் திட்டு வாங்கணும்னு, டிக் போட்டுட்டேன்.

— கூப்பிட்டுக்கூடப் பாக்கல.

— பாக்கல.

— வியாழக்கிழமை?

— அன்னிக்கும் ஹாரன் வரல. ஆனா அன்னிக்குக் கணக்கு அச்சுக்குப் போகணும். அறுபத்தொண்ணுன்னு எழுத மனசு வரலம்மா, மறுபடியும் டிக் போட்டுட்டேன். வேற என்ன சொல்ல, அதுதான் உண்மை.

— டாக்டர் சொன்னாரு, புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு.

— ஐயோ.

— வெயில் தாங்காம மயக்கம் வந்து, நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவுல விழுந்து கிடந்திருக்காரு. ஜன்னலுக்கு ஈரத்துணியும் கட்டல, ஒண்ணும் கட்டல.

— பதினொண்ணரைக்கு ஆள் போயிருந்தா, பொழச்சிருப்பாராம்மா?

— கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு. இருக்கலாம்னாரு, இல்லாமயும் போகலாம்னாரு.

— என்னை நாலு அறை அறைஞ்சாக்கூட நான் வாங்கிக்கறேன்.

— அறைய வரல. இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.

— பாருங்கம்மா, ஏழு வருஷமா இங்க தினக்கூலி. அடுத்த வாரம்தான் நிரந்தரம் பண்ற உத்தரவு வருது. அந்தப் படத்தைப் போட்டதே அதுக்காகத்தான். இவ நல்லா வேலை பாக்கறவன்னு மேல காட்டணுமாம். இதை எழுதினேன்னா வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— தெரியும்.

— வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். வீட்டுக்காரரு படுத்து மூணு வருஷம் ஆச்சு.

— அதுக்கு நான் என்ன சொல்றது? மீதி அறுபத்தொரு பேர் பேருக்கு நேராவும் தினம் டிக் இருக்கு. அதுல எத்தனை நெஜம்?

— எல்லாம் நெஜம்மா. இவரு ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் மேல சத்தியம்.

— அதையும் எழுதுங்க. அப்பதான் யாராவது ஒருத்தர் வந்து நோட்டைச் சரிபாப்பாங்க.

— ராத்திரி படுத்தா அந்த டிக்குதாம்மா கண்ணு முன்னாடி நிக்குது. நீங்க வரலன்னா வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா. குடுங்க அந்தப் பேப்பரை.

— இது நீச்சல் ஃபாரம்.

— பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. ‘ஐயா, புதன்கிழமையன்று மேற்படி முதியவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. நானும் அவரை அழைக்கவில்லை. அழைத்ததாக நோட்டில் குறித்தது என் தவறு, என் ஒருத்தியின் தவறு.’ இப்படி எழுதினாப் போதுமாம்மா?

— கடைசி மூணு வார்த்தையை அடிச்சுடுங்க.

— எதை? ‘என் ஒருத்தியின் தவறு’ங்கறதையா? ஏம்மா?

— புதன்கிழமை பதினொண்ணு பத்துக்கு அப்பா எனக்குக் கூப்பிட்டாரு, ரெண்டு தடவை. நகராட்சியிலதான் தினமும் பேசறாங்களேன்னு ரெண்டு தடவையும் கட் பண்ணேன்.