வெள்ளிக்கிழமையில் இல்லாத நேரம்

– செருப்பைக் கழட்டாதேங்கோ, சிந்து. நீங்கள் உள்ளுக்கு வரேலாது.

– கீதன் சார், மழை கொட்டுதுங்க. இந்த மவுண்ட் ரோஸ்கில்ல நாலு வீட்டுக் கதவைத் தட்டித்தான் உங்க வீட்டைக் கண்டுபிடிச்சேன். வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவீங்களா?

– கதைக்கிறதே பிழை. நான் உங்கட கவுன்சிலை ஓடிட் செய்யிற ஆள். நீங்கள் அங்க வேலை செய்யிற ஆள். சனிக்கிழமை காலம என்ர கதவடியில நிண்டால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? பனைக்குக் கீழ நிண்டு பாலைக் குடிச்சாலும்...

– கள்ளுன்னுதான் சொல்லுவாங்க. தெரியுங்க. குழாய் வேலை லிஸ்ட்டைப் போட்டு, நேரம் மாறியிருக்குன்னு நேத்து சாயங்காலம் நீங்க அனுப்புன ஈமெயிலைப் பார்த்ததுல இருந்து பொட்டுத் தூக்கம் இல்லைங்க, அண்ணா.

– அண்ணா எண்டு கூப்பிடாதேங்கோ. இந்த ஓடிட் முடியுமட்டும் நான் ஒருத்தருக்கும் அண்ணன் இல்லை. என்ர விலாசம் ஆர் தந்தது?

– தமிழ்ப் பள்ளி லிஸ்ட்ல தெருப் பேர் இருக்கு. பாப்பாவை அங்க விட்டுட்டு நேரா வந்துட்டேன். அஞ்சே நிமிஷம் சார்.

– சரி, குசினிக்குள்ள வாங்கோ. முன் அறை வேண்டாம், றோட்டால போறவைக்குத் தெரியும். மெல்லமாக் கதையுங்கோ, என்ர மனிசி பின் அறையில வேலையில நிக்கிறா. தேத்தண்ணி தரமாட்டன், குறை நினைக்காதேங்கோ. தந்தால் அதையும் எழுதி வைக்கோணும்.

– தண்ணியாவது குடுப்பீங்களா?

– பைப்புத் தண்ணி. பிடியுங்கோ. இனிச் சொல்லுங்கோ.

– நான் அந்த நேரத்தை எல்லாம் மாத்தலைங்க. எங்க பொண்ணு மேல சத்தியமா மாத்தல.

– சத்தியம் எனக்குத் தேவையில்லை. நான் காட்டுறன், நீங்கள் விளக்கம் சொல்லுங்கோ. போன டிசம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. மார்கரெட் எண்டு ஒரு மனிசி. அவவின்ர உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ள ஊத்தைத் தண்ணி பொங்கி வருது. பதினொண்டு முப்பத்தினாலுக்குக் கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்திருக்கிறா. அவவின்ர ஃபோன் பில்லில அந்த நேரம் கிடக்குது, கொப்பி எனக்கு அனுப்பியிருக்கிறா. உங்கட பதிவில அந்தக் கோல் எத்தினை மணிக்கு வந்தது?

– ஒண்ணு பத்தொன்பதுக்கு.

– வேலையாக்கள் போனது?

– ரெண்டு மணி ஒரு நிமிஷம்.

– அப்ப அறிக்கையில நாப்பத்திரண்டு நிமிசம். ஆகா, என்ன கெட்டிக்காரக் கவுன்சில்! அந்த மனிசி ரெண்டரை மணித்தியாலம் முழங்கால் மட்டும் ஊத்தைக்குள்ள நிண்டிருக்கிறா.

– ஒரு தடவை தப்பு நடந்திருக்கலாம்ல சார்?

– ஒருக்கா எண்டால் நான் ஏன் நித்திரை முழிக்கிறன்? முழு வருசத்து வெள்ளிக்கிழமையையும் இழுத்துப் பாத்தன். டிசம்பரில பதினொண்டரையிலயிருந்து ஒண்டே கால் மட்டும் வந்த வேலை மூண்டே மூண்டு. ஒண்டே கால் அடிச்ச உடன ஏழு, எட்டு எண்டு குவியுது. ஊரில உள்ள குழாயெல்லாம் நேரம் பாத்தே உடையிறது?

– மத்தியானச் சாப்பாட்டு நேரமா இருக்கும்.

– அப்பிடித்தான் நானும் முதலில நினைச்சனான். பிறகு வியாழக்கிழமையைப் பாத்தன். அண்டைக்குச் சாப்பாட்டு நேரத்தில வேலை நல்லா வருது, பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகுதான் ஓட்டை. திங்கக்கிழமை காலம எட்டுக்குப் பிறகு. இப்ப விளங்குதோ, என்ன நேரம் எண்டு?

– விளங்கலைங்க.

– நடியாதேங்கோ, சிந்து. ராகு காலம்.

– ஐயோ! ராகு காலமா?

– ஓம். ஆரோ இருந்து நேரத்தை மாத்தி எழுதியிருக்கினம். எழுதின கைக்கு ராகு காலத்தில ஒரு வேலையைத் துவங்க மனம் வரேல்லை. வெள்ளைக்காரன் செய்யிற களவில்லை இது. உங்கட கவுன்சிலில தமிழ் ஆள் எத்தினை பேர்?

– நான் ஒருத்திதான்.

– யூலை பதினாலாம் திகதி இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பதிவு ஃபைலைத் திறந்து மாத்தினது ஆர்?

– நான்தான். ஆனா நேரத்தை இல்ல, தேதியை. குழாய் சரி பண்ற கான்ட்ராக்டர் கிட்ட இருந்து வரும்போதே மாசமும் தேதியும் இடம் மாறி வந்துச்சு, அதைச் சரி பண்ணேன். பாப்பா தூங்கினப்புறம்தான் எனக்கு லேப்டாப் கைக்குக் கிடைக்கும், அதான் ஒன்பது மணி. எனக்கு வர்றதைக் கூட்டி டேபிள் போடுறதுதாங்க என் வேலை.

– இதைத்தான் எல்லாரும் சொல்லுறவை.

– போன வருஷம் இதே டேபிளுக்கு ஓகே சொன்னீங்களே சார். இந்த வருஷம் மட்டும் ஏன் தோண்டுறீங்க?

– போன வருசம் பாத்தது போன வருசத்துக்கு. ஒவ்வொரு வருசமும் வெளியாள் ஒருத்தன் வந்து பாக்கோணும் எண்டு சட்டம். காசுக் கணக்கு மட்டுமில்லை, குழாய் உடைஞ்சால் எத்தினை நிமிசத்தில ஆள் போனது எண்டதும் அறிக்கையில போகுது. அதுக்கும் நாங்கள்தான் கையெழுத்து. ஒக்டோபர் முடிய முதல் அறிக்கையை ஏத்துக்கொள்ளோணும், இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு. திங்கக்கிழமை காலம என்ர பெரியவருக்கும் உங்கட தலைமை அதிகாரிக்கும் எழுதப் போறன்.

– என் பேரைப் போட்டா?

– ஃபைலைத் திறந்த ஆள் எண்டு போடத்தானே வேணும்.

– அதோட என் வேலை போச்சு. இங்க நிரந்தரமாத் தங்கறதுக்கு ரெசிடென்சிக்குப் போன மாசம்தான் ஃபைல் பண்ணியிருக்கோம், அதுவும் இந்த வேலையை வச்சுத்தான். என் வீட்டுக்காரர் நியூ லின் மால்ல நின்னுக்கிட்டே சம்பாதிக்கிறாரு. இது போச்சுன்னா மூணு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்குப் பயமா இருக்குங்க. நான் செய்யாத ஒண்ணுக்கு!

– எனக்கும் சந்தோசமெண்டே நினைக்கிறீங்கள்? ஒரு தமிழ்ப் பிள்ளையை மாட்டி விட்டிட்டன் எண்டு நாளைக்குக் கோயிலில நாலு பேர் முகம் திருப்புவினம். அதுக்காக விடேலுமே?

– சரிங்க, ஒண்ணு சொல்றேன். நான் ஈரோட்டுக்காரி. எங்கப்பா தீவிரமான பகுத்தறிவுக்காரர். எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சதே ராகு காலத்துலதான். வேணும்னே பத்திரிகையில கொட்டை எழுத்துல போட்டாரு, வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டுன்னு. மாமியார் மண்டபத்துக்கு வெளியவே நின்னாங்க. பன்னெண்டு அடிச்சப்புறம்தான் சாப்பிட வந்தாங்க. நான் போய் ராகு காலம் பார்த்து நேரம் மாத்துவேனா?

– கதை நல்லாத்தான் இருக்கு.

– கதை இல்லைங்க, போட்டோ இருக்கு. இந்தாங்க பாருங்க.

– ம்ம். வாசலில நிக்கிறது மாமியோ?

– ஆமா. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதுல்ல? சார், இருங்க. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை பன்னெண்டு, அது எனக்கு மனப்பாடம். நீங்க சொல்ற ஓட்டை பதினொண்ணரைக்குல்ல ஆரம்பிக்குது? பத்தே முக்காலுக்கும் பதினொண்ணு பத்துக்கும் நிறைய வேலை ஏறியிருக்கே.

– அது இந்தியாக் கணக்கு. எங்கட கோயில் கலண்டரில ஒக்லாந்துச் சூரியனுக்குக் கணிச்சுப் போடுவினம். கோடையில பகல் நீளம், ராகு காலமும் நீளும். யூனில எழுபது நிமிசம்தான். உங்கட பதிவில ஓட்டையும் அப்பிடியே நீளுது, சுருங்குது.

– ஓ... அப்ப செஞ்சவங்க வீட்ல அந்தக் காலண்டர் இருக்கணும்.

– ஒக்லாந்தில தமிழ்ச்சனத்தின்ர அரைவாசி வீட்டில இருக்கு.

– எங்க வீட்ல மாட்டியிருக்கறது ரியல் எஸ்டேட்காரன் குடுத்த காலண்டருங்க. வந்து பாருங்க. உங்க வீட்டுல அதோ, ஃபிரிட்ஜ் பக்கத்துல இருக்கே, அதுதானா?

– அதுதான்.

– தினமும் ராகு காலத்துல பென்சில் வட்டம் போட்டிருக்கே. நீங்களா?

– சேச்சே, எனக்கென்ன விசரே? அது லக்ஷிகா, என்ர மனிசி. ராகு காலத்தில முட்டை கூட அவிக்க மாட்டா. கார் வாங்கப் போய் ஒண்டரை மணித்தியாலம் கடைக்கு வெளிய இருத்தி வைச்சவ. அவவோட பதினொரு வருசம் குடும்பம் நடத்தினபடியால்தான் எனக்கு அந்த நேரங்களைக் கண்ட உடன பொறி தட்டினது.

– சார், ஒண்ணு கேக்கறேன். அந்த லிஸ்ட்டை நேரத்தை வச்சுப் பிரிச்சீங்க. ஃபோன் எடுத்த ஆளை வச்சுப் பிரிச்சீங்களா?

– இல்லை. ஏன்? அதில பேரில்லையே, நம்பர்தானே.

– நான் ராத்திரி பிரிச்சேன். ஓட்டை விழுற நாள் பூரா ஒரே ஆபரேட்டர், ஏழாம் நம்பர். அந்த மூணு வேலை மட்டும் ரெண்டாம் நம்பர், ஏழு லீவு போட்ட அன்னைக்கு வந்தவங்க. கான்ட்ராக்டர் ஃபோன் எடுக்கற வேலையை ஒரு கம்பெனிக்கு விட்டிருக்கான். அவங்க ஆளுங்க எல்லாம் வீட்ல உக்காந்துதான் எடுக்கறாங்க.

– இதை ஏன் முதலே சொல்லேல்லை?

– எங்க சொல்ல விட்டீங்க? வந்ததுல இருந்து என்னையத்தானே திருடியாக்கிட்டு இருக்கீங்க.

– ஏழாம் நம்பர் ஆரெண்டு கம்பனியைக் கேக்கலாம். பேர் தரமாட்டாங்கள், ஆனாலும் கேக்கலாம்.

– உங்க மனைவி என்ன வேலை பாக்கறாங்க சார்?

– அவ... உந்தக் கதை என்னத்துக்கு? ஃபோன் எடுக்கிறவ. நாய் பூனை டொக்டர்மாருக்கு வாற கோல்.

– வீட்ல இருந்தா?

– ஓம், வீட்டிலயிருந்து. நாய் பூனைக்கு எண்டு சொன்னனே.

– இப்பவும் நாய் பூனைதானா? எப்பக் கேட்டீங்க கடைசியா?

– நாங்கள் வீட்டில வேலைக்கதை கதைக்கிறேல்லை. அது நான் போட்ட சட்டம். என்ர வேலை அப்பிடி.

– ஒவ்வொரு வருஷமும் நீங்க ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போடுவீங்கல்ல? உங்க வீட்ல யாருக்கும் நீங்க ஆடிட் பண்ற கவுன்சிலோட எந்தத் தொடர்பும் இல்லைன்னு?

– போட்டனான். யூலையில. சிந்து, சும்மா வாயில வந்தபடி கதையாதேங்கோ. என்ர மனிசியைப் பற்றி...

– நான் ஒண்ணும் சொல்லலைங்க. இன்னைக்கு ராகு காலம் எத்தனை மணிக்குன்னு அந்த வட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்க, போதும்.

– ஒன்பது இருபத்திரண்டு.

– இப்ப மணி?

– ஒன்பது இருபத்திரண்டு.

– இஞ்சாருங்கோ, ஆரோட கதைக்கிறீங்கள்? அட, விருந்தாளி! வாங்கோ தங்கச்சி, இருங்கோ. என்னப்பா நீங்கள், வந்த பிள்ளைக்கு வெறும் தண்ணியே குடுத்தனீங்கள்? நல்ல காலம், இனிப் பத்தே முக்கால் தாண்டுமட்டும் நான் ஃப்ரீ. தேத்தண்ணி போடுறன்.

– லக்ஷிகா, நீர் உள்ளுக்குப் போம். இந்தப் பிள்ளை வெளிக்கிடப் போகுது.

– வந்த ஆளை ராகு காலத்தில வெளிக்கிடச் சொல்லுறதே? நீங்கள் இருங்கோ தங்கச்சி.

– அக்கா, ஷிஃப்ட் நடுவுல எப்படி ஃப்ரீ? ஃபோன் வராதா?

– வரும். எடுப்பன், கடதாசியில எழுதி வைப்பன். ராகு காலம் முடிய, அப்பத்தான் வந்த மாதிரி ஏத்தி அனுப்புவன். ஆராவது சாகிற அவசரமெண்டால் உடன அனுப்புவன், நான் கல்நெஞ்சக்காரி இல்லை. கக்கூசு நிரம்பினால் ஆள் சாகுமே?

– கக்கூசோ? லக்ஷிகா, நாய் பூனையெல்லோ உமக்கு?

– அது முடிஞ்சு ஒண்டரை வருசமாகுது! வீட்டில வேலைக்கதை வேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், நான் ஏன் சொல்லுவன்? இப்ப தண்ணிக் குழாயும் ஊத்தைத் தண்ணிக் கானும்தான். முதல் மாசமே ஒரு மனிசனை ராகு காலத்தில பள்ளத்துக்குள்ள அனுப்பிப் போட்டன். மண் சரிஞ்சு ரெண்டு காலும் முறிஞ்சுது. அனுப்பினது நான். ஒரு கிழமை சோறு இறங்கேல்லை எனக்கு. உங்களுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அந்த நேரத்தில ஒருத்தரையும் நான் குழிக்குள்ள இறக்கிறேல்லை.

– அக்கா... உங்களுக்கு அங்க ஒரு நம்பர் குடுத்திருப்பாங்கல்ல?

– சிந்து, வேண்டாம். கேக்காதேங்கோ, தங்கச்சி.

– என்னப்பா, கேட்டால் என்ன? ஏழு. இவர் பிறந்தது ஏழாம் திகதியெல்லே, ராசியா இருக்கட்டும் எண்டு நான்தான் கேட்டு வாங்கினன்.